சாலிஸ்பரி பேராலய வளாகம்: வாசல்களும் பழைய வீடுகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்க வருகிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்புகிற வழியில் சாலிஸ்பரியில் இறங்குவார்கள். நான் இந்த ஊரில் குடியிருப்பதால் அவர்களைப் பேராலய வளாகத்துக்குள் அழைத்துப் போகிற வேலை எனக்கு வரும். எல்லோரும் முதலில் ஊசிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். படம் எடுத்து முடித்ததும் கண் மெல்லக் கீழே இறங்கும். அப்போதுதான் சுற்றியிருக்கும் வீடுகளும் வாசல்களும் தெரிய ஆரம்பிக்கும், கேள்விகளும் வரும். பல வருடங்களாக வருவது ஏறக்குறைய அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

"குளோஸ்"னு பலகையில போட்டிருக்கே, மூடியிருக்கா என்ன?

திறந்துதான் இருக்கிறது, தாராளமாக உள்ளே போகலாம். பேராலயத்தைச் சுற்றி மதில் எழுப்பி, வாசல் வைத்து, உள்ளே குருமார்கள் குடியிருந்த இடத்துக்கு இங்கிலாந்தில் குளோஸ் என்று பெயர். வளைத்து அடைத்த இடம் என்கிற பொருளில் வந்த சொல் அது. இனி நான் வளாகம் என்றே எழுதுகிறேன்.

சாலிஸ்பரி வளாகம் சுமார் 80 ஏக்கர். பிரிட்டனில் உள்ள பேராலய வளாகங்களில் இதுதான் பெரியது. நடுவில் பேராலயம், அதைச் சுற்றிப் பரந்த புல்வெளி, புல்வெளியின் ஓரங்களில் வீடுகள். வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் கிடையாது. பேராலயத்துக்கும், பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் சில வீடுகளுக்கும்தான் டிக்கெட்.

சர்ச் ஒண்ணு இருக்கு, சரி. அதைச் சுத்தி இவ்வளவு பெரிய பங்களாவெல்லாம் எதுக்கு?

இடைக்கால இங்கிலாந்தில் பேராலயங்கள் இரண்டு விதம். கேன்டர்பரி, டரம் போன்ற இடங்களில் பேராலயத்தை நடத்தியவர்கள் துறவிகள். அவர்கள் ஒரே மடத்தில் சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கினார்கள். சாலிஸ்பரியில் இருந்தவர்கள் துறவிகள் இல்லை. கேனன் எனப்படும் மூத்த குருமார்கள். அவர்களுக்குத் தனி வருமானமும், தனிச் சமையலும், வேலையாட்களும், குதிரை லாயமும் உண்டு. விருந்தாளிகளை உபசரிப்பதும் அவர்கள் கடமைகளில் ஒன்று. அதனால் ஆளுக்கொரு வீடு தேவைப்பட்டது.

இன்னொரு காரணம், இது வெற்று நிலத்தில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய இடம். பழைய பேராலயம் இங்கிருந்து 3 கிலோமீட்டர் வடக்கே, ஓல்ட் சாரம் என்ற குன்றின்மேல் அரசனின் கோட்டைக்குள் இருந்தது. காற்று, தண்ணீர்ப் பஞ்சம், கோட்டைப் படைவீரர்களோடு ஓயாத தகராறு. பிஷப் ரிச்சர்ட் பூர் கீழே ஆவன் ஆற்றங்கரைப் புல்வெளிக்கு இடம் மாற்றி, 1220 ஏப்ரல் 28 அன்று அடிக்கல் நாட்டினார். பேராலயத்தோடு சேர்த்துக் கேனன்களுக்கான மனைகளும் பிரிக்கப்பட்டன. மேற்குப் பக்க மனைகள் ஆறு வரை நீண்டு போகும். அங்கே இன்றும் தோட்டங்கள் தண்ணீரில்தான் முடிகின்றன. பேராலயக் கட்டுமானத்தை மேற்பார்த்த கேனன் எலயஸ் ஆஃப் டெரம், மற்றவர்களுக்கு முன்மாதிரியாகத் தானே ஒரு பெரிய வீட்டைக் கட்டினார். கூரைக்கு ஈயத் தகடு போட்டதால் அதற்கு லெடன்ஹால் என்று பெயர். கடைசிக் கேள்வியில் இந்த வீடு மறுபடி வரும்.

சாமி கும்பிடுற இடத்துக்குக் கோட்டை மாதிரி மதில் ஏன்?

முதல் நூறு வருடத்தில் இந்த மதில் இல்லை. 1327இல் மூன்றாம் எட்வர்ட் அரசர் பிஷப்புக்கு மதில் கட்ட அனுமதி கொடுத்தார். அந்தக் காலத்தில் உச்சியில் பல் பல்லாக வைத்துக் கோட்டைபோல் மதில் எழுப்ப அரசரின் எழுத்து அனுமதி வேண்டும். எல்லாப் பக்கமும் மதில் தேவைப்படவில்லை. மேற்கிலும் தெற்கிலும் ஆறு காத்தது. வடக்கும் கிழக்கும் நகரத்தைப் பார்த்த பக்கங்கள், பெரிய மதில் அங்கேதான்.

அந்நிய நாட்டுப் படைக்குப் பயந்து கட்டியது என்று சிலர் நினைக்கிறார்கள். பயம் பக்கத்துத் தெருவைப் பற்றியது. 1227இல் நகரத்துக்குப் பட்டயம் கிடைத்தபோதே, நகரத்தின் நிலச்சொந்தக்காரர் பிஷப். சந்தை அவருடையது, வாடகையும் வரியும் அவருக்கு. வியாபாரம் வளர வளர நகரத்தாருக்கு இது உறுத்தியது. உள்ளே இருந்தவர்களுக்கு வெள்ளிப் பாத்திரங்களும் விலையுயர்ந்த ஆடைகளும் ஆவணங்களும் இருந்தன. மதில் பிறந்த காரணம் இதுதான்.

மதில்ல ஒரு கல்லு மட்டும் பூவேலையா இருக்கு, பக்கத்துக் கல்லு மொட்டையா இருக்கு. யாராவது பின்னாடி செருகினாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பின்னால் செருகியது இல்லை, கட்டும்போதே வைத்தது. 1331இல் அதே மூன்றாம் எட்வர்ட், ஓல்ட் சாரம் குன்றில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பேராலயத்தின் கற்களை எடுத்துக்கொள்ள அனுமதித்தார். வண்டி வண்டியாகக் கீழே வந்த அந்தக் கற்கள்தான் மதிலுக்குப் போயின.

எக்ஸெட்டர் தெருப் பக்கம் போய் மதிலை ஒட்டி மெதுவாக நடந்து பாருங்கள். சாம்பல் நிறக் கல் வரிசையில் திடீரென்று ஒரு கல்லில் நார்மன் கால (11, 12ஆம் நூற்றாண்டு)ச் செதுக்கல் தெரியும். செதில் செதிலாக ஒன்று, வளைவு வளைவாக இன்னொன்று. ஒரு காலத்தில் பலிபீடத்துக்கு அருகிலோ வாசல் வளைவிலோ இருந்திருக்க வேண்டிய வேலைப்பாடு. இப்போது அதன் முன்னால் பேருந்து போகிறது. கொத்தனார்களுக்கு அது கோலம் சேர்க்கிற வேலையாக இருக்கவில்லை. அளவு சரியாக இருந்ததா, வைத்தார்கள். கல்லைத் தொடலாம், சுரண்டாதீர்கள்.

மொத்தம் எத்தனை வாசல்? எது வழியா போனா நல்லது?

பார்க்க வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு. வடக்கே ஹை ஸ்ட்ரீட் வாசல், கடைத்தெருவிலிருந்து நேரே வருவது. கிழக்கே செயின்ட் ஆன்ஸ் வாசல். தெற்கே ஹார்ன்ஹாம் வாசல். எக்ஸெட்டர் தெருவில் பிஷப்ஸ் வாசல், இது பிஷப்பின் பழைய மாளிகைக்கானது.

முதல் தடவை வருபவர்களை நான் எப்போதும் ஹை ஸ்ட்ரீட் வாசல் வழியாகத்தான் கூட்டிப் போவேன். கடைகள், கூட்டம், காபி வாசனை, அப்புறம் குறுகிய வளைவு. அதைத் தாண்டினதும் சத்தம் அடங்கிவிடும். சில அடிகள் வைத்ததும் வலது பக்கம் கோரிஸ்டர்ஸ் கிரீன் என்ற சின்னப் புல்வெளியும் அதன் ஓரத்து வீடுகளும் தெரியும். பேராலயம் முழுதாகத் தெரிய இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். திரும்பும்போது ஹார்ன்ஹாம் வாசல் வழியாக வெளியேறுங்கள். அது கூட்டமில்லாத பக்கம். அங்கிருந்து தெற்கே நடந்தால் 1244இல் பிஷப் பிங்கம் கட்டிய கல்பாலம் வரும். அந்தப் பாலத்தால்தான் தெற்கிலிருந்து வந்த வியாபாரப் பாதை பழைய ஊரான வில்டனை விட்டு இந்த ஊருக்குத் திரும்பியது.

ஹை ஸ்ட்ரீட் வாசல் மேல நிக்கிறது எந்தக் காலத்து ராஜா?

வாசல் 14ஆம் நூற்றாண்டு, ராஜா 20ஆம் நூற்றாண்டு. உள்பக்கம், அதாவது பேராலயத்தைப் பார்த்த பக்கம், மாடத்தில் நிற்பவர் 1910இல் இறந்த ஏழாம் எட்வர்ட். நகரத்தைப் பார்த்த பக்கம் இருப்பது 17ஆம் நூற்றாண்டை ஒட்டி ஆண்ட ஸ்டூவர்ட் அரசர்களின் சின்னம். ஆக ஒரே வாசலில் மூன்று காலம் இருக்கிறது.

அதே வாசலில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மேலிருந்து இறங்கும் கூர்முனைக் கதவு ஒன்று இதில் இருந்தது. பக்கத்தில் வாசற்காவலரின் வீடு, கூடவே ஒரு சின்ன லாக்கப். வளாகத்துக்குள் தப்புச் செய்தவர்களை நகரச் சிறைக்கு அனுப்பாமல் இங்கேயே அடைப்பார்கள், ஏனென்றால் வளாகம் நகர அதிகாரத்துக்கு உட்படாத தனி எல்லை.

ராத்திரி எல்லா வாசலையும் பூட்டிடுவாங்களாமே, கதைதானே?

கதை இல்லை. இரவு 11 மணிக்குப் பூட்டி, காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். உள்ளே குடியிருப்பவர்களிடம் சாவி உண்டு. வெளியூர் விருந்தாளிகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உலாவப் போவதாக இருந்தால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்கால இரவு பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஹை ஸ்ட்ரீட் வாசலில் ஒருமுறை நின்று பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். பெரிய மரக்கதவு மெல்ல நகரும், அதற்குள் இருக்கிற திட்டிவாசல் வழியாக யாராவது ஒருவர் குனிந்து வெளியே வருவார். அந்தக் கதவு அலங்காரத்துக்கு வைத்த பழம்பொருள் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

செயின்ட் ஆன்ஸ் வாசல் மாடியிலதான் ஹாண்டல் இங்கிலாந்துல முதல் கச்சேரி பண்ணினாராமே?

ஹாண்டல் ஜெர்மனியில் பிறந்த இசையமைப்பாளர், அவரைப் பற்றி ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். வாசலுக்கு மேலே அறை இருப்பது உண்மை. இடைக்காலத்தில் அது சின்னத் தேவாலயமாக இருந்தது. வாசலை ஒட்டியிருக்கும் மால்ம்ஸ்பரி ஹவுஸில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹாரிஸ் ஹாண்டலின் நெருங்கிய நண்பர் என்பதும் உண்மை. சாலிஸ்பரி இசை விழாக்களை நடத்தியவர் அவர். ஹாண்டல் இங்கே விருந்தாளியாக வாசித்திருக்கலாம் என்று நம்ப எனக்குத் தடையில்லை.

"முதல்" என்ற சொல்லைத்தான் நான் ஏற்கவில்லை. ஹாண்டல் 1710 கடைசியில் இங்கிலாந்து வந்தார், 1711 பிப்ரவரியில் லண்டனில் அவருடைய ஓபரா மேடையேறிவிட்டது. ஜேம்ஸ் ஹாரிஸ் பிறந்தது 1709இல். முதல் கச்சேரிக்கு அழைத்திருந்தால் அழைத்தவர் தவழும் குழந்தையாக இருந்திருப்பார். அந்த நட்பு பிற்காலத்தது, அதுவே போதுமான பெருமை.

அதே வீட்டுச் சுவர்ல சூரியக் கடிகாரம் தப்பா நேரம் காட்டுதே?

தப்பாகக் காட்டவில்லை, சாலிஸ்பரி நேரம் காட்டுகிறது. மால்ம்ஸ்பரி ஹவுஸ் சுவரில் உள்ள இந்தக் கடிகாரத்தில் 1749 என்ற வருடமும், வாழ்க்கை நடமாடும் நிழல் மட்டுமே என்ற பொருளில் ஷேக்ஸ்பியரின் வரி ஒன்றும் எழுதியிருக்கும். சூரியக் கடிகாரம் அந்த இடத்துச் சூரியனைத்தான் பார்க்கும். சாலிஸ்பரி கிரீனிச்சுக்கு மேற்கே ஏறக்குறைய 1.8 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஆக சுமார் 7 நிமிடம் பின்தங்கும். கோடையில் நாட்டுக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் வைப்பதால் ஒரு மணி 7 நிமிடம் குறைத்துக் காட்டும். வருடத்தின் எந்த நாள் என்பதைப் பொறுத்து இன்னும் சில நிமிடம் கூடும், குறையும்.

இதைக் கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பார்க்கக் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வெயில் அடிக்கிற நாளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடைக்கால வீடுன்னு சொன்னீங்க. எல்லாம் செங்கல் வீடா, வெள்ளை ஜன்னலா இருக்கே?

முகப்பைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். இதுதான் இந்த வளாகத்தில் எல்லோரும் ஏமாறும் இடம், நானும் முதல் வருடம் முழுக்க ஏமாந்தேன். 16ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் வந்து குருமார்கள் திருமணம் செய்துகொண்டார்கள். பேராலயத்தில் தங்கியிருக்க வேண்டிய கேனன்களின் எண்ணிக்கையும் குறைந்துபோக, மிஞ்சிய வீடுகள் குத்தகைக்கு விடப்பட்டன. வக்கீல்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், பணக்காரக் குடும்பங்கள் குடிவந்தார்கள். அவர்களுக்கு இருட்டுக் கூடமும் சின்ன ஜன்னலும் பிடிக்கவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பல வீடுகளுக்கு முன்பக்கம் மட்டும் புதுச் சுவர், மேலும் கீழும் நகரும் உயரமான ஜன்னல், சமச்சீரான கதவு என்று புது முகம் வைத்தார்கள். சில வீடுகளை மட்டுமே அடியோடு இடித்துக் கட்டினார்கள்.

ஆகவே பக்கவாட்டுச் சுவரைப் பாருங்கள். முன்னால் வழவழப்பான செங்கல் இருக்கும். மூலை திரும்பினால் சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த கரடுமுரடான பழைய சுவர் தெரியும். கூரையையும் பாருங்கள். முகப்பு நேர்கோட்டில் முடியும், பின்னால் கூரை வேறு கோணத்தில் செங்குத்தாக எழும்பியிருந்தால், அடியில் இடைக்காலக் கூடம் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சில வீடுகள் மறைக்கவே இல்லை. கேனன் வீடுகளில் ஹெமிங்ஸ்பியும், கேனன்களுக்குத் தலைவரான டீனின் பழைய வீட்டின் 13ஆம் நூற்றாண்டுக் கூடமும் பழைய தோற்றத்தோடே நிற்கின்றன. டீன் வீட்டுக் கூடத்துக்கு இப்போது மிடீவல் ஹால் என்று பெயர்.

உள்ள போய்ப் பார்க்க முடிஞ்ச வீடு எது? ஒண்ணே ஒண்ணுதான் பார்க்க நேரம் இருக்கு.

ஒன்று மட்டும் என்றால் மொம்பெசன் ஹவுஸ். கோரிஸ்டர்ஸ் கிரீன் ஓரத்தில், இரும்புக் கம்பி வேலிக்குப் பின்னால் கல் முகப்போடு இருக்கும். மழைநீர்க் குழாயின் தலையில் இருக்கும் ஈயப் பெட்டியைப் பாருங்கள்: சார்லஸ் மொம்பெசனின் பெயர் முதலெழுத்துகளும் 1701 என்ற வருடமும் இருக்கும். வீட்டின் பிறப்புச் சான்றிதழ் அங்கே தொங்குகிறது. உள்ளே மரப் படிக்கட்டும், 1740களில் செய்த சுதைவேலைக் கூரைகளும்தான் முக்கியம். படிக்கட்டின் நடுவில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். கொடியும் பூவும் பறவையும் ஈரச் சுதையில் அப்போதுதான் கையால் இழுத்து விட்டதுபோல இருக்கும். 18ஆம் நூற்றாண்டு மதுக் கோப்பைகள் சுமார் 370 அலமாரிகளில் இருக்கின்றன. கண்ணாடிப் பொருள் பிடித்தவர்கள் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுவிடுவார்கள்.

பார்பரா டவுன்செண்ட் என்ற ஓவியர் தன் நீண்ட வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த வீட்டில் கழித்து 1939இல் இறந்தார். கட்டடக் கலைஞர் டெனிஸ் மார்டினோ 1952இல் வீட்டைப் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தார். குளிர்காலத்தில் மூடியிருக்கும் காலங்கள் உண்டு, கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரதமர் வீடும் இருக்காமே?

அருண்டெல்ஸ். 1970 முதல் 1974 வரை பிரதமராக இருந்த எட்வர்ட் ஹீத் 1985இல் இங்கே குடிவந்து, 2005இல் இறக்கும்வரை வாழ்ந்தார். பிரிட்டனை ஐரோப்பியச் சமூகத்தில் சேர்த்தவர். பாய்மரப் படகுப் போட்டியிலும் பெரிய ஆள். 1969இல் சிட்னி-ஹோபர்ட் போட்டியை வென்றவர். பியானோ வாசிப்பார், இசைக்குழுவை நடத்துவார். வீட்டில் படகு ஓவியங்களும் பியானோவும், அவரையே கிண்டலடித்து வரைந்த அரசியல் கார்ட்டூன்களும் இருக்கின்றன.

முகப்பு 18ஆம் நூற்றாண்டு பாணி, சுவருக்குள் 13ஆம் நூற்றாண்டுக் கேனன் வீடு. முந்தின கேள்வியில் சொன்னதற்கு நல்ல உதாரணம். வீட்டைவிடத் தோட்டம் இன்னும் அழகு, ஆறு வரை போகும்.

கிங்ஸ் ஹவுஸ்ல எந்த கிங் இருந்தாரு?

எந்த அரசரும் குடியிருக்கவில்லை. முதலாம் ஜேம்ஸ் 1610இலும் 1613இலும் வந்து தங்கினார், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் அது ஷெர்போர்ன் மடாதிபதியின் வீடு. மடங்கள் கலைக்கப்பட்டபின் கைமாறியது. 19ஆம் நூற்றாண்டில் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரியாக இருந்தது. நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் தங்கைகள் இருவரும் அங்கே படித்தவர்கள். 1981 முதல் சாலிஸ்பரி அருங்காட்சியகம். ஸ்டோன்ஹெஞ்ச் பற்றிய பொருள்களைப் பார்க்க விரும்புபவர்கள் இங்கே கட்டாயம் போகலாம்.

வார்ட்ரோப்னு ஒரு வீடா? துணி அலமாரியா?

ஆமாம், பெயருக்கு அர்த்தம் அதேதான். பிஷப்பின் ஆடைகளையும் பொருள்களையும் வைக்கும் களஞ்சியமாக 13ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். இப்போது பெர்க்ஷயர், வில்ட்ஷயர் படைப்பிரிவுகளின் அருங்காட்சியகம்.

பிஷப் இப்ப எங்க இருக்காரு? பெரிய மாளிகையிலயா?

இல்லை. ரிச்சர்ட் பூர் 1220களில் தொடங்கிய மாளிகையில் 1947 முதல் பேராலயப் பள்ளி நடக்கிறது. பேராலயத்தில் பாடும் பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். பிஷப் வளாகத்தின் தென்பகுதியில் சவுத் கேனன்றி என்ற வீட்டில் இருக்கிறார்.

வாசல் பக்கத்துல வரிசை வீடு ஒண்ணு, மேல லத்தீன்ல எழுதியிருக்கே, அது என்ன?

காலேஜ் ஆஃப் மேட்ரன்ஸ். கல்லூரி என்றாலும் வகுப்பு கிடையாது. 1682இல் பிஷப் செத் வார்ட், இறந்துபோன குருமார்களின் விதவைகளுக்காகக் கட்டிய வீடுகள் இவை. குருவானவர் இறந்தால் அவருடைய குடும்பம் தேவாலயம் கொடுத்த வீட்டைக் காலிசெய்ய வேண்டும். மனைவிக்குப் போக இடம் இருக்காது. கேனன்களின் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு இந்தச் சின்ன வரிசையைப் பலரும் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு வளாகத்திலேயே மனசுக்கு நெருக்கமான கட்டடம் இதுதான்.

செத் வார்ட் கணிதமும் வானியலும் படித்தவர். கோபுரம் சாய்வதைப் பார்த்து 1668இல் தன் நண்பரான கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னை அழைத்து அளக்கச் சொன்னவரும் இவரே.

இவ்வளவு பழைய சர்ச்சுக்குப் பக்கத்துல கல்லறையே காணோமே?

கல்லறைகள் இருக்கின்றன, கல்தான் இல்லை. 1789 முதல் 1792 வரை பேராலயத்தில் பெரிய மராமத்து நடந்தது. ஜேம்ஸ் வயட் என்ற கட்டடக் கலைஞர் கல்லறைக் கற்களை எடுத்துவிட்டு, பள்ளம் மேடெல்லாம் நிரவி, புல் போட்டார். இன்று எல்லோரும் படுத்து வெயில் காயும் புல்வெளி அப்படித்தான் வந்தது. பேராலயத்தின் வடக்கே தனியாக நின்ற மணிக்கூண்டையும் 1790இல் இடித்தார்கள். அதில் இருந்த 1386ஆம் வருடக் கடிகாரம் தப்பியது. இன்று பேராலயத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மழை பொய்த்த கோடையில் புல் காயும்போது மணிக்கூண்டின் அடித்தளம் மங்கலாகத் தெரியும்.

வயட் செய்தது சரியா? அந்தப் புல்வெளி இல்லாமல் இன்று பேராலயத்தை இப்படி முழுதாகப் பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மணிக்கூண்டை இடித்தது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

துறவிகளே இல்லைன்னீங்க. அப்புறம் பேராலயத்தை ஒட்டி மடத்துல இருக்கிற மாதிரி சுற்று மண்டபம் ஏன்?

சரியான கேள்வி. மடங்களில் சுற்று மண்டபம் அன்றாட வாழ்க்கையின் நடுவிடம். உணவுக்கூடமும் படுக்கைக்கூடமும் அதிலிருந்துதான் பிரியும். இங்கே அப்படி எதுவும் பிரியவில்லை, கேனன்கள் அவரவர் வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்கினார்கள். ஊர்வலம் போகவும், மழையில் நனையாமல் உலாவவும், கேனன்கள் கூடும் எண்கோண மண்டபத்துக்குப் போகவும் இது பயன்பட்டது. அந்த எண்கோண மண்டபத்தில்தான் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த 1215ஆம் வருடப் பட்டயமான மாக்னா கார்ட்டாவின் மிஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று இருக்கிறது. எலயஸ் ஆஃப் டெரம் அந்தப் பட்டயத்தை நாட்டில் விநியோகித்தவர்களில் ஒருவர்.

இத்தனை மதிலும் வாசலும் கட்டினாங்களே, என்னைக்காவது உதவிச்சா?

ஒரு பிஷப்புக்கு உதவவில்லை. 1450இல் ஜாக் கேட் என்பவர் தலைமையில் எழுந்த கலகம் தென் இங்கிலாந்தெங்கும் பரவியபோது, பிஷப் வில்லியம் எய்ஸ்கஃப் வில்ட்ஷயரிலேயே உள்ள எடிங்டன் கிராமத்தில் இருந்தார். ஆறாம் ஹென்றியின் ஆன்மகுருவான அவர்மேல் மக்களுக்குக் கடுங்கோபம். ஜூன் 29 அன்று பூசை முடிந்ததும் வெளியே இழுத்துப் போய்க் கொன்றார்கள். மதில் சாலிஸ்பரியில் இருந்தது, அவர் மதிலுக்கு வெளியே இருந்தார்.

நகரத்தோடு இருந்த நீண்ட சண்டையைத் தீர்த்தது ஒரு காகிதம். கிங்ஸ் ஹவுஸில் தங்கிய அதே முதலாம் ஜேம்ஸ் 1612இல் நகரத்துக்குத் தனிப் பட்டயம் கொடுத்து, பிஷப்பின் பிடியிலிருந்து விடுவித்தார். வளாகம் அதன்பிறகும் தனி எல்லையாகவே இருந்தது. ஹை ஸ்ட்ரீட் வாசலின் லாக்கப் பற்றி மேலே சொன்னது அதனால்தான்.

கான்ஸ்டபிள் ஓவியத்துல வானவில் ஒரு வீட்டு மேல விழுதாமே, அது எந்த வீடு? எங்க நின்னு பார்க்கணும்?

லெடன்ஹால். எலயஸ் கட்டிய அந்த வீடுதான், 18ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டப்பட்ட உருவில். ஜான் கான்ஸ்டபிளின் நெருங்கிய நண்பர் ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்கு உதவும் மூத்த குரு) ஜான் ஃபிஷர் அதில் குடியிருந்தார். கான்ஸ்டபிள் வந்தால் அங்கே தங்குவார். ஃபிஷரின் தந்தையுடைய சகோதரர்தான் அப்போதைய பிஷப். அவருக்காக 1823இல் கான்ஸ்டபிள் பேராலயத்தை மாளிகைத் தோட்டத்திலிருந்து வரைந்தார். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தின் இடது மூலையில் பிஷப் மனைவியோடு நின்று கைத்தடியால் கோபுரத்தைக் காட்டுகிறார். மேகம் இருண்டிருப்பது பிஷப்புக்குப் பிடிக்கவில்லை.

வானவில் உள்ள படம் 1831இல் காட்சிக்கு வந்தது, நீர்ப்புல்வெளியிலிருந்து பார்த்தது. மனைவியை இழந்து துவண்டிருந்த காலத்தில் கான்ஸ்டபிள் அதைத் தொடங்கினார். வரையத் தூண்டியவர் ஃபிஷர். வானவில்லின் கால் அந்த நண்பரின் வீட்டில் இறங்குகிறது. ஃபிஷர் அடுத்த வருடமே இறந்துபோனார். அந்தக் காட்சியைப் பார்க்க வளாகத்துக்குள் நிற்கக் கூடாது. நகரின் மேற்கே குவீன் எலிசபெத் பூங்காவுக்குப் போய், அங்கிருந்து நீர்ப்புல்வெளி வழியாகப் போகும் டவுன் பாத் நடைபாதையில் ஏறுங்கள். கோபுரம் இடது பக்கம் இருக்கும், மரங்களுக்கு நடுவே வளாகத்து மேற்கு வீடுகளின் கூரைகள் தெரியும். மழை விட்டு வெயில் வரும் சாயங்காலம் நல்ல நேரம். ஓரமெல்லாம் ஈரமாக இருக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள்.